பார்க்கப் போனவர்கள்

பதினோரு வருஷமாகச் சங்கத்துக்குத் தையல்காரர்தான் தலைவர். எதிர்த்து நிற்க ஒருவரும் வந்ததில்லை. அந்தத் தலைவலியை யார் விலை கொடுத்து வாங்குவது?

அச்சகத்துக்கு மேல்மாடியில் நாற்பது நாற்காலி, ஒரு மேஜை, ஒரு நீல நோட்டு. உறுப்பினர் யாராவது படுக்கையில் விழுந்தால், தினம் ஐந்து மணிக்கு ஒருவர் போய் அரைமணி நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். வந்து நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் தவறிவிட்டால் இரங்கல் கூட்டத்தில், குடும்பத்தார் முன்னால், தலைவர் அந்த வரிகளை வாசிப்பார். "நம்ம ஆளுங்கள்ல எவனும் தனியா கிடந்து சாகமாட்டான்" என்று மார்தட்டாதவர் சங்கத்தில் இல்லை.

புதன்கிழமை ஹாரன் செத்துப்போனான். லாரி ஓட்டியவன். தெருமுனையில் தும்மினால் மாடி ஜன்னல் அதிரும். அதனால் அந்தப் பேர்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அரைமணி முன்பே அவன் மனைவி படியேறி வந்தாள்.

"அண்ணே, என் பொண்ணு கீழ நிக்கிறா. வெளியூர்ல கட்டிக்கொடுத்தவ, சாவுக்குத்தான் வர முடிஞ்சுது. மூணு நாளா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"ஏம்மா?"

"அப்பாவப் பாக்க ஒருத்தரும் வரலைன்னு சொன்னேன். நம்பமாட்டேங்குறா. 'சாவுக்கு நாப்பது பேரும் வந்து நின்னாங்களே, நீதான் வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியிருப்பே'ங்குறா. என் வாயும் கொஞ்சம் நீளம்தான், இல்லேங்கல. ஆனா விரட்டறதுக்காவது யாராச்சும் வந்திருக்கணுமில்ல?"

"ஒருத்தருமா வரல?"

"பத்தொம்பது நாள். வாதம் அடிச்ச அன்னைக்கே பேச்சு போயிடுச்சு. அஞ்சு மணி ஆனா கண்ணு மட்டும் வாசலுக்குப் போயிடும். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா எடுபடல."

அவள் இறங்கிப் போனதும் தையல்காரர் நோட்டைப் பிரித்தார். பத்தொன்பது கையெழுத்து. 'நன்றாகப் பேசினார்.' 'லாரிக் கதை சொல்லிச் சிரிக்கவைத்தார்.' 'குரலில் அதே கம்பீரம்.' எட்டாவது நாள் அவருடைய கையெழுத்து: 'வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.' அன்று கல்யாணத் துணி தைக்கும் வேலை கழுத்தை நெரித்தது. மற்றவர்கள்தான் தினம் போகிறார்களே, நாம் நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று போட்ட கையெழுத்து.

செயலாளரான மருந்துக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நோட்டுல இருக்கறத அப்படியே வாசிச்சிட்டு உட்காருங்கண்ணே. இத்தனை வருஷப் பேரு, ஒரே நாள்ல சந்தி சிரிச்சிடும்."

"அந்தம்மா?"

"அம்மாவும் பொண்ணும் நாலு நாள் சண்டை போட்டுட்டு ஒண்ணாயிடுவாங்க. சங்கம் உடைஞ்சா நாம ஒண்ணாக முடியாது."

முதல் வரிசையில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. தலைவர் எழுந்து வாசித்தார். முதல் நாள் செயலாளர்: 'நன்றாகப் பேசினார்.' மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அந்தப் பார்வை நகரவில்லை. தாய் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது நாள் வரியில் விரலை வைத்துக்கொண்டு தையல்காரர் நிமிர்ந்தார்.

"இது என் கையெழுத்து. பொய். நான் போகல. அவனுக்குப் பேச்சே இல்லைங்கறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உங்கள்ல யாராவது போயிருந்தா கையத் தூக்குங்க."

தச்சர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். கொத்தனார், "நான் தெருமுனை வரைக்கும் வந்தேன், மழை பிடிச்சு..." என்று ஆரம்பித்து மீதியை விழுங்கிவிட்டார். செயலாளர் தலைவரை முறைத்தார். கை ஒன்றும் எழவில்லை.

மகள் எழுந்தாள். "வாம்மா" என்று தாயின் கையைப் பிடிக்கப் போனாள். தாய் கையைக் கொடுக்காமல் தானே எழுந்து நடந்தாள்.

தையல்காரர் பின்னாலேயே படி வரை ஓடினார். "நாளைக்கு வீட்டுக்கு வரேம்மா."

தாய் திரும்பவில்லை. மகள்தான் சொன்னாள்: "வேணாம் மாமா. வந்ததா எழுதிக்கங்க."

தாய் முன்னால், மகள் இரண்டு படி பின்னால், மெதுவாக இறங்கினார்கள். அந்த மாடிக்கு ஒரே படிக்கட்டு. அவர்கள் இறங்கி முடிக்கும்வரை எல்லோரும் மேலேயே நிற்க வேண்டியிருந்தது.