கறுப்புக் குடையின் சிவப்புக் கிட்டார்

"இறுக்காதீங்க இபு. யாரோ பிடுங்கிட்டு ஓடப்போற மாதிரி பிடிச்சிருக்கீங்க. டீ கிளாஸைப் பிடிக்கிற மாதிரி, லேசா."

"டீ கிளாஸெல்லாம் இப்ப என் கையில நிக்கிறதில்ல. போன வாரம்கூட ஒண்ணு உடைச்சேன்."

"சரி, கிளாஸ் வேண்டாம். புருஷன் கையைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க."

"அந்தாளு கையை நான் எப்பவும் இறுக்கித்தான் பிடிச்சேன். விட்டா சீட்டாடப் போயிருவாரு."

எங்கோஸ் சிரித்துக்கொண்டே கிட்டார்க் கழுத்தை அவள் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு மடியில் வைத்து, தகட்டால் பின்புறத்தை இரண்டு இழுப்பு இழுத்தான். மரம் வெங்காயத் தோல் போலச் சுருண்டு உதிர்ந்தது. திரும்பவும் அவள் கையில் கொடுத்தான். அவன் இபு, அம்மா என்று மரியாதையாக அழைக்கும் நினிங் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். தந்தி அழுத்திக் காய்த்திருந்த விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. சிஹிதெயுங்கில் பூச்செடி விற்கிற கை. நகக்கண்ணில் செம்மண் எப்போதும் இருக்கும். ஆனாலும் கட்டைவிரல் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"இங்கதான்," என்றாள். "இதுக்கு மேல சுரண்டாதே."

"அப்பாடா," என்றான் எங்கோஸ். "பல் டாக்டருக்குச் செய்யற கிட்டாருக்கெல்லாம் இவ்வளவு கஷ்டம் கிடையாது. அளவைக் கொடுப்பாரு, செஞ்சு கொடுப்பேன், கொண்டுபோய் சுவத்துல மாட்டிருவாரு. வாசிக்கிற ஆளுக்குச் செய்யறதுதான் உயிரை எடுக்குது."

உஜுங் பெருங்கில் எங்கோஸின் பட்டறைக்கு அவள் இன்றுதான் முதல்முறை வந்திருக்கிறாள். அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு கடைவாய்ப் பல். மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பல்வலியோடு டாக்டர் விகந்தாவின் நாற்காலியில் படுத்திருந்தாள். ஊசி போட்டு வாய் மரத்துப்போன நேரத்தில், சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவர் குனிந்தார். "தப்பா நினைக்காதீங்க. நீங்க கறுப்புக் குடை நினிங்கா?"

நாற்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. வாய்க்குள் கண்ணாடியும் குழாயும் இருந்ததால் அவளால் "ஆ" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அந்த ஒரு "ஆ"வுக்கே அந்த மனிதர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் படிக்கையில் சபாருவா அரங்கில் கறுப்புக் குடை வாசித்ததைக் கேட்டாராம். நான்கு பெண்கள் மட்டுமே இருந்த ராக் குழுவை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லையாம். அன்று பிடித்த பைத்தியம், இப்போது வீட்டில் ஓர் அறை முழுக்கக் கிட்டார். அவற்றில் ஒன்று, மகாஸரில் ஒருவரிடமிருந்து வாங்கியது, அவளுடையதே என்றார். அன்று மேடையில் அவள் மாட்டியிருந்த அதே சிவப்பு. அலைபேசியில் படத்தைக் காட்டினார். படம் சிறியது, அவள் மூக்குக்கண்ணாடியும் பைக்குள் இருந்தது. சிவப்பு மட்டும் தெரிந்தது.

மகாஸர் என்றதும் அவள் நம்பிவிட்டாள். குழு கலைந்தபோது கிட்டாரை டிரம்ஸ் வாசிக்கும் ஆத்துனிடம் விட்டிருந்தாள். ஆத்துன் கல்யாணமாகிப் போன ஊர் மகாஸர். அங்கே கிட்டார் கைமாறிக் கைமாறி எங்கோ தொலைந்துவிட்டது என்று கேள்வி.

திரும்பக் கொடுப்பதற்கு டாக்டருக்கு மனம் வரவில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "அது இல்லாம அந்த அறை அறையே இல்ல, தெதே," என்றார், அக்கா முறை வைத்து. அதற்குப் பதிலாக அதைப் போலவே ஒன்றை எங்கோஸிடம் செய்யச் சொல்லி அவளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவள் அதன் பின்புறத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். வாசித்தவரே எழுதிக்கொடுத்த கிட்டார் என்றால் சேகரிப்பவர்கள் நடுவில் அதன் இடமே வேறு.

அவளுக்குக் கையெழுத்தும் பெரிதல்ல, புதுக் கிட்டாரும் பெரிதல்ல. பழையதை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதமாகச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த ஆசையையும் சேர்த்தே வளர்த்திருந்தாள்.

"பழசு எங்கே?" என்று கேட்டாள்.

"அதோ, பெட்டியில. அளவெடுக்கக் கொடுத்தாரு. கொடுக்கறப்ப என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாரு, பாருங்களேன். நான் என்ன பிணம் அறுக்கறவனா? அஸர் தொழுகை முடிஞ்சு வந்திருவாரு. நீங்க பாருங்க, உங்க பொருள்தானே."

நினிங் எழுந்துபோய்ப் பெட்டியின் கொக்கிகளைத் தானே விடுவித்தாள்.

உள்ளே ஊதா நிற வெல்வெட்டில் சிவப்புக் கிட்டார் படுத்திருந்தது. அழகென்றால் அழகு. விளிம்புகளில் பூச்சு தேய்ந்து, கீழே மரம் தேன்நிறத்தில் தெரிந்தது. தலையில் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் பொன் எழுத்தில் மங்கலாக மின்னியது. அவள் தூக்கினாள். தோளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கனம் வேறு. மனசு ஒப்பாமல் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வழவழவென்று, குழந்தையின் முதுகு போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை எண்ணெய் வாசனை.

"என்ன இபு, மோந்து பார்க்கிறீங்க? பலாப்பழமா அது?"

அவள் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கோஸ், இது என்னுது இல்ல."

"விளையாடாதீங்க."

"என்னோடதை மாங் ஓலே செஞ்சார். சிசாடாஸ்ல. பீரோ செய்யறவரு."

எங்கோஸின் கையிலிருந்த தகடு நின்றது.

அவள் சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. அமெரிக்கக் கிட்டாரை அப்போது பத்திரிகை அட்டையில்தான் பார்க்க முடியும். அந்த அட்டையைக் கிழித்துக்கொண்டு நான்கு பெண்களும் மாங் ஓலேயிடம் போனார்கள். அவர் படத்தை நேராகவும் தலைகீழாகவும் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்?" என்று கேட்டார். பீரோவுக்கு வாங்கிப் போட்டிருந்த சுரேன் மரத்தில் உடலை அறுத்தார். கழுத்து ஒரு பழைய கிட்டாரிலிருந்து வந்தது. மின்கம்பிகள் வைத்த பின்பக்கக் குழிக்கு மூடி வேண்டும் என்றதும் பிஸ்கட் டப்பாவை வெட்டித் திருகினார். டப்பாவில் அச்சிட்டிருந்த படத்தில் பாதி முகமும் ஒரு தேநீர்க் கோப்பையும் அதில் தெரிந்தன. ஆத்துனின் அண்ணன் பேருந்துகளுக்குப் பெயர் எழுதுகிறவன். அவன்தான் பேருந்துச் சிவப்பைப் பூசி, தலையில் அமெரிக்கப் பெயரையும் எழுதிக்கொடுத்தான். மேடை விளக்குச் சூட்டில் சுரேன் மரம் வாசனை விடும், பச்சை வெங்காயம் நறுக்கினாற்போல. முதல் வரிசையில் இருப்பவர்கள் யார் சாப்பாடு கொண்டுவந்தது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒருத்தரையும் பக்கத்துல விட்டதில்ல. விட்டா பெயிண்ட் எழுத்து தெரிஞ்சிரும். நினிங்குக்குத் திமிருன்னு பேரு வாங்கினேன்."

எங்கோஸ் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சுவரில் தொங்கிய புது உடலைப் பார்த்தான். சிரிப்பு வடிந்தது.

"அப்ப இத்தனை நாளா நான் யாரோடதைப் பார்த்துச் செஞ்சேன்?"

"அதான் தெரியல."

"சுரேன்ல செஞ்சது எப்படி இருந்துச்சு? சத்தம்?"

"கரகரன்னு. சளி பிடிச்ச ஆள் பாடற மாதிரி. நல்ல ஆள், ஆனா சளி."

அவன் யோசனையோடு தாடியைச் சொறிந்தான். "டாக்டர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

அவள் கிட்டாரைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டால் இந்த அழகான கிட்டார்தான் அந்தக் கிட்டார் என்று ஆகிவிடும். மாங் ஓலே அறுத்த மரம், பேருந்துச் சிவப்பு, தேநீர்க் கோப்பை எல்லாம் நடக்காததாகிவிடும். மாங் ஓலே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆத்துனின் அண்ணனும் இல்லை. மற்ற மூன்று பெண்களுக்கும் தொலைபேசியில் பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தக் கிட்டார் இப்போது இருப்பது அவள் ஒருத்தியின் தலைக்குள் மட்டும்தான். எங்காவது ஒரு நாள் நிஜமானது கிடைத்தாலும், அது பொய் என்று இதன்மேல் இருக்கும் அவள் கையெழுத்தே சொல்லிவிடும். போடாவிட்டாலோ, அந்த மனிதருடைய அறை...

வெளியே கார்க்கதவு சாத்தும் ஓசை கேட்டது.

டாக்டர் விகந்தா ஒரு கையில் சூடான சுராபி அப்பப் பொட்டலமும் மறு கையில் வெல்லப்பாகு டப்பாவுமாக உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து தாண்டிய மனிதர். நடையில் மட்டும் பள்ளிக்கூடப் பையன் ஒட்டிக்கொண்டிருந்தான். "தொடாதீங்க, கை பிசுபிசுன்னு ஆயிரும். முதல்ல கிட்டார், அப்புறம் சுராபி. பார்த்தீங்களா, தெதே? பார்த்தாச்சா?"

"பார்த்தேன், டாக்டர்."

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க," என்றாள். அது உண்மைதான்.

எங்கோஸ் சட்டென்று ஏதோ திருகாணியைத் தேடுகிறவன் போல மேஜைக்கடியில் குனிந்துகொண்டான்.

டாக்டர் கைகளைத் துடைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நடுப்பாட்டுல கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு மழை ஞாபகம் இருந்தது. கரண்ட் போனதும் ஞாபகம் இருந்தது. அவமானமாக ஞாபகம் இருந்தது. கறுப்புக் குடையின் பெரிய நாள் அப்படிப் பாழானதென்று அழுதுகொண்டே வண்டியேறினாள். பிறகு அதை நினைப்பதையே விட்டுவிட்டாள்.

"எல்லாரும் விசில் அடிச்சாங்க, செருப்புகூட எறிஞ்சாங்க," என்றார் அவர். "நீங்க நிறுத்தல. இருட்டுல வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க. கொஞ்சம் கொஞ்சமா சத்தம் அடங்குச்சு. கூரையில மழை. அதுக்கு நடுவுல வெறும் கம்பிச் சத்தம், மரத்துலேர்ந்து. சின்னதா. அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சு விடாம அதைக் கேட்டுச்சு. நான் மேடையோட ஒட்டி நின்னேன். யாரோ வெங்காய பஜ்ஜி வெச்சிருந்தாங்க போல, அந்த வாசனைகூட இன்னும் இருக்கு." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இங்க."

நினிங் அவரைப் பார்த்தாள். அவள் பாழாய்ப் போனதென்று தூக்கியெறிந்த ஓர் இரவை இந்த மனிதர் எடுத்துத் துடைத்து இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். அவளிடம் இருந்ததைவிடப் பத்திரமாக. கூட்டம் அடங்கியது அவளுக்குத் தெரியவே தெரியாது. டிரம்ஸின் பின்னால் ஆத்துன் விசும்புவதுதான் அன்று அவள் காதில் கேட்டது.

"அதனால நான் இதைக் கரண்ட்ல போட்டு வாசிக்கிறதே இல்ல. இப்படித்தான்." அவர் ஒரு தந்தியைத் தட்டினார். பிறகு அந்தப் பழைய மெட்டின் முதல் நான்கு சுரங்களை, திருத்தமாகவே, வாசித்தார். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டாற்போலத் தெளிவாக, இனிமையாக இருந்தது. அதில் சளி இல்லை.

அவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்து, கடைசிச் சுரத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம் கரகரன்னு இருந்த மாதிரி ஒரு நினைப்பு," என்றார். "எனக்குக் காது போச்சு போல. நாள் முழுக்கப் பல்லைக் குடையற மெஷின் சத்தம்." சிரிக்கப் பார்த்தார். "வாங்கினப்பவே அப்படித்தான் தோணுச்சு. தந்தி புதுசு, அதனாலன்னு நினைச்சேன். தந்தியை மாத்திப் பார்த்தேன். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன்."

மேஜைக்கடியிலிருந்து எங்கோஸ் வெளியே வரவில்லை.

டாக்டர் மேஜைமேல் துண்டை விரித்தார். கிட்டாரைக் குப்புறப் படுக்கவைத்தார். சட்டைப்பையிலிருந்து வெள்ளி மை பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வழவழவென்ற சிவப்பு முதுகில் ஜன்னல் வெளிச்சம் படுத்திருந்தது. நினிங் பேனாவோடு குனிந்தாள். மை வாசனை மூக்கில் ஏறியது. எழுத வேண்டிய இடத்தின் மேல் கை நின்றது. நின்ற கை கீழே இறங்கவில்லை.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேனாவை அவள் விரல்களிலிருந்து உருவி, மூடியை மாட்டினார்.

"எழுத வேண்டாம், தெதே," என்றார். குரல் வெகு தாழ்ந்திருந்தது. "எழுத்தெல்லாம் யாருக்கோ காட்டத்தானே. அது கிடக்கட்டும். அன்னைக்கு அந்த இருட்டுல நான் கேட்டது இதைத்தான்னு ஒரே ஒரு வார்த்தை, எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."