கப்பல்காரர் பார்த்த ஏழு பேர்

என் மனைவியைக் கட்டிலோடு தூக்கிச் சலவைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தவர்களில் நானும் ஒருத்தன். தலைமாட்டை நான் பிடித்தேன். கால்மாட்டை மச்சான் பிடித்தான். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டுக்கு அவன்தான் மேற்பார்வை. பத்து மணிக்குக் கப்பல்காரர் வருகிறார், வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும், இருமுகிற ஆள் ஒருத்தரும் கண்ணில் படக்கூடாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒரு பகல்தான்க்கா. அவர் வந்துட்டுப் போனதும் உன் இடத்துக்கே கொண்டு வந்துடறேன்."

"வீட்டுக்கு ஆளு வந்தா கிழிஞ்ச பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில தள்ளுவோமே, அந்த மாதிரியாடா?" என்றாள். சிரிக்கப் போனவளுக்கு இருமல்தான் வந்தது.

அவளுக்கு வந்திருப்பது சாதாரணக் காசநோய் இல்லை. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ரகம். இதற்கு முன்னால் ஊசிதான் போடுவார்கள். போட்டால் பாதிப் பேருக்குக் காது போய்விடும், மீதிப் பேருக்கு உயிரே போய்விடும். இப்போது புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. அதை அரசாங்கம் வாங்கவில்லை. வாங்குகிறோம், வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர் கப்பல்காரர். சரக்குக் கப்பல் ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் ஒரு டிரஸ்ட் வைத்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரியைப் போல உலகத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிக்கு அவர் கையிலிருந்துதான் மருந்து போகிறது.

அவள் அந்த மாத்திரையைத் தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பாதியில் நிறுத்தினால் நோய் இரண்டு மடங்கு முரட்டுத்தனத்தோடு திரும்ப வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நாற்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். யாரோ ஒருவன் பற்றவைத்த இணைப்பில் நம் உடம்பு தொங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடக்க முடிந்த நோயாளிகளை வேனில் ஏற்றி அன்று ஒரு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க முடியாத ஏழு பேர் கொட்டகைக்கு. குணமாகிப் போனவர்களில் சிலரை வரவழைத்து, புது விரிப்பு போட்ட கட்டில்களில் தலை வாரி உட்கார வைத்தார்கள். மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் இங்கே இதுதான் வழக்கம். குறை தெரிந்தால் திட்டு விழும், வேலை மாற்றல் வரும். கொடுக்க வருகிறவனுக்குக் குறைதானே தெரிய வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நான்தான் தலைமாட்டைப் பிடித்தேனே.

நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரத் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே தையல்காரர் இருந்தார். அவருடைய தம்பிக்கும் இதே நோய்தான். அவனையும் காலையில் வேனில் ஏற்றியிருந்தார்கள்.

"மகராசன் வர்றார்," என்றார் தையல்காரர். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். "நம்ம சொந்தக்காரனே எட்டிப் பாக்கல. எங்கேயோ இருக்கிற மனுஷன், நம்மளை நினைக்கிறாரு பாரு."

"நினைக்கிறவன் மறந்துட்டான்னா?"

"உன் வாயில நல்லதே வராதாய்யா?"

"ஓட்டு கேட்டு வர்றவனையாவது வாசல்ல நிறுத்தி நாலு வார்த்தை கேக்கலாம். இந்த ஆளை எங்க போய்க் கேக்கறது? நடுக்கடல்லயா?"

"கேக்க என்ன இருக்கு? அவர் காசு, அவர் குடுக்கிறார்."

"அதான்யா சொல்றேன். அவர் காசு. நம்ம உசுரு."

அந்தப் பக்கம் போன டாக்டரம்மா நின்றார். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டிய, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனுஷி. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதாங்க. அவர் இல்லேன்னா இந்த வார்டுல பாதிக் கட்டில் காலியாகியிருக்கும். அவர் இருக்கிறதால அரசாங்கம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எப்பக் கேட்டாலும், அதான் டிரஸ்ட் தருதேங்கிறாங்க."

"அப்ப நாங்க யாரை நம்பறது?" என்றேன்.

"எனக்கும் யாராவது சொன்னா நல்லாயிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படித்தவர் தெரியாது என்று சொன்னால் எனக்குப் பயம் கூடிவிடும்.

கப்பல்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, சாதாரணச் சட்டை. கூட ஒரு பெண், அவர் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்கிறவள். வார்டைச் சுற்றிப் பார்த்தார். புது விரிப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் கும்பிட்டார்கள். எல்லார் முகத்திலும் சதை இருந்தது. அவர் முகம் மலர மலர எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏன் என்று முதலில் எனக்கே புரியவில்லை.

கூட்ட அறையில் புரிந்தது. அவர் எழுந்து பேசினார். அந்தப் பெண் மாற்றிச் சொன்னாள்.

"இங்க வேலை முடிஞ்சதைக் கண்ணால பார்த்தேன், மனசு நிறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. இந்த நோய் இந்த இடத்துல அடங்கிடுச்சு. அதனால அடுத்ததா கொசுக் காய்ச்சல் அதிகமா இருக்கிற ஊர்களுக்கு இந்தப் பணத்தைக் கொண்டு போகப் போறாங்க. கையில இருக்கிற மருந்து தீர்றவரைக்கும் இங்க குடுப்பாங்க."

பெரிய டாக்டர் கை தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். இருக்கிற மருந்து அந்த மாதக் கடைசி வரைக்கும் வந்தால் பெரிது என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

நான் எழுந்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், உக்காருங்க. என் வேலை போயிடும்."

"உங்கக்கா போயிடுவாடா," என்றேன். கையை உதறிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "தாயி, நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. பூசி மெழுகாத. நீங்க பார்த்தது வார்டு இல்ல, சோடிச்சு வச்ச கடை. சரக்கெல்லாம் பின்னாடி சலவைக் கொட்டகையில கிடக்கு."

பெரியவருக்கு வயசாச்சு, கொஞ்சம் குழப்பம் என்று பெரிய டாக்டர் குறுக்கே வந்தார். அவர் சொன்னதை அந்தப் பெண் மாற்றிச் சொல்லவே இல்லை. என்னுடையதைத்தான் சொன்னாள். கப்பல்காரர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து வாசலைக் காட்டி, நட என்று கையால் சொன்னார்.

கொட்டகையில் சோடா உப்பு நெடி. தரையெல்லாம் ஈரம். துணி வேக வைக்கிற பெரிய தொட்டிகளுக்கு நடுவே ஏழு கட்டில். படம் எடுக்க வந்தவன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று ஒரு படம் எடுத்தான். கப்பல்காரர் உள்ளே வந்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியில், என் மனைவியின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க என்று அவளிடம் சொன்னாள் அந்தப் பெண்.

"மாத்திரை வேணும். அது தீர்ந்தா நான் தீர்ந்தேன். மத்தபடி இவர்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. முதல்ல அந்த வாளியை விட்டு எந்திரிக்கச் சொல்லு, அது ஓட்டை, பேன்ட் நனையும்."

அதையும் மாற்றிச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. எழுந்து நின்று ஏதோ சொன்னார்.

"இந்த அறையில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் முழுசாக் குணமாகிறவரைக்கும் மருந்து வரும். டிரஸ்ட் என்ன முடிவு பண்ணினாலும் சரி, இது என் சொந்த வாக்குன்னு சொல்றாங்க."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவர் காரில் ஏறிப் போகிறவரைக்கும் யாரும் எதையும் யோசிக்கவில்லை.

தையல்காரர்தான் முதலில் யோசித்தார். என் முன்னால் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்க வியர்வை.

"அறையில இருக்கிறவங்களுக்குன்னாரே. எந் தம்பி அறையில இல்லையே."

நான் வேன் போன பாதையைப் பார்த்தேன்.

"அவனால நாலு எட்டு நடக்க முடியுதுன்னுதானே வேன்ல ஏத்தினாங்க? மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தான்னா மாத்திரை கிடைச்சிருக்குமா? நீ வாயைத் தொறந்தியே, வேன்ல போனவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"தோணலய்யா. அந்த நேரத்துல அவளைத் தவிர எதுவும் தோணல."

"தோணாதுதான்," என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "அவர் கண்ணு கலங்கின தூரம் வரைக்கும் மருந்து. இதுதான் இப்ப நம்ம ஊர்ச் சுகாதாரத் திட்டம்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில், பேச்சை மாற்றிச் சொன்ன அந்த டிரஸ்ட் பெண் பெயர் எழுத வருவாள், அதுவரைக்கும் ஏழு பேரும் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் நான் போய்ப் பார்த்தபோது கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. தையல்காரர் தம்பியைப் பாயில் படுக்க வைத்திருந்தார். வேனில் போன அத்தனை பேரும் திரும்பி வந்திருந்தார்கள். தொட்டிகளுக்கு இடையில், கதவு ஓரத்தில், மடித்து வைத்த போர்வைக் குவியலின் மேல். ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் மேல் படும்படி படுத்திருந்தார்கள். மச்சான் என்னைத் தனியாக இழுத்தான்.

"அத்தான், இவங்களை வெளிய போகச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. ஏழு பேருன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். ஏமாத்துறோம்னு அவருக்குத் தோணிச்சுன்னா ஏழு பேருக்கும் போச்சு. அக்காவுக்கும் போச்சு."

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளியே போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து அவள் கூப்பிட்டாள். அந்தக் கட்டிலில் அவள் காலடியில் யாரோ ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவள்.

"என்ன குசுகுசுன்னு பேசறீங்க ரெண்டு பேரும்? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அந்த ஊசியை நான் போட்டுக்கல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இவங்களை விரட்டிட்டு வர்ற மாத்திரையை நான் முழுங்கணுமா? தொண்டையில நிக்கும்."

"பொய்ன்னு தெரிஞ்சா உனக்கும் கிடைக்காதுடி."

"நேத்து நீங்க தலைமாட்டைப் பிடிச்சு என்னை இங்க ஒளிச்சு வச்சது மட்டும் பொய் இல்லையா?"

டிரஸ்ட் பெண் வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். செல்போனை எடுத்து நேற்றைய படத்தைப் பார்த்தாள். மறுபடி எங்களைப் பார்த்தாள். உள்ளே இருமல்கூட நின்றுபோயிருந்தது.

"நேத்து இவங்க எல்லாரும் இருந்தாங்களா ஐயா?"

"இருந்தாங்க."

"படத்துல ஏழு பேர்தான் இருக்காங்க."

"படம் எடுத்தவன் வாசலைத் தாண்டலையே தாயி. ஓரத்துல கிடந்தவங்க எப்படி விழுவாங்க?"

"நான் உள்ளதானே ஐயா நின்னேன்."

"நீ அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தே," என்றேன். "எல்லாரும் அவர் முகத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தோம்."

அவள் வெளியே போய் முற்றத்தில் யாருக்கோ போன் செய்தாள். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மச்சான் நகத்தைக் கடித்தான். அவள் தலையை ஆட்டினால் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி விரலை நொறுக்கியது. நான் விடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தவள், "அவர் விமானத்துல இருக்கார். கேக்க முடியல," என்றாள். பிறகு வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த தையல்காரர் தம்பியின் அருகே குனிந்தாள். "உங்க பேர் சொல்லுங்க. எல்லாரையும் எழுதிக்கிறேன். இறங்கின பிறகு அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது. அதை மட்டும் என்னைக் கேக்காதீங்க."

மாத்திரை வந்தது. எல்லாருக்கும் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. மருந்து வேன் வருகிற நாளில் நான் விடிகாலையிலேயே வாசலில் போய் நிற்கிறேன். அவள் இப்போது எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுகிறாள். இன்னும் ஒரு வருஷம் அவள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாக வேண்டும். அரசாங்கம் வாங்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டால், எழுதிப் போட்டிருக்கிறேன் என்கிறார்.

போன வாரம் மச்சான் வார்டுக்குள் வந்து மெதுவாகச் சொன்னான். கப்பல்காரருக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். அவருடைய மகன்தான் இனி டிரஸ்டைப் பார்ப்பானாம். மகனுக்கு எதில் விருப்பம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லையாம்.

வார்டில் பாதி நுரையீரலோடு கிடக்கிறவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். தையல்காரர் கண்ணை மூடி முணுமுணுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் மச்சான் உள்ளே நுழையும்போதே எல்லார் கண்ணும் அவன் வாயில்தான் இருக்கும். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா, அவர் கொடுப்பது சரியா தப்பா என்று தகரக் கூரைக்கடியில் இப்போது யாரும் பேசுவதில்லை.

இன்றைக்கும் நான்தான் முதலில் கேட்டேன்.

"மச்சான், அந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்குதாமா?"