தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, கீழே இருட்டைப் பார்த்தபடி விசிலடிக்கிற மனிதர் ஒரு பூச்சிக்குப் பயப்படுவார் என்றால் யார் நம்புவார்கள்? அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கே தெரியாது. அவர் மூச்சு விட்டால்தானே தெரிவதற்கு!

மொட்டை மாடியில் தேனீ வளர்க்கப் போகிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. ஒருநாள் வகுப்புக்குப் போய், பெட்டியும் வெள்ளை உடுப்பும் வலைத் தொப்பியும் வாங்கியாயிற்று. முதல்முறை மூடியைத் திறந்த அன்று, கழுத்துவரை ஜிப்பை இழுக்க மறந்துவிட்டார். ஒன்று உள்ளே புகுந்து இமையில் போட்டது ஒரு போடு. அத்தோடு ஐயாவின் வீரம் காலி.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிறு தவறாமல் உடுப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, புகைக் குடுவையில் சாக்குத் துண்டைக் கொளுத்தித் தன் மேலேயே புகை போட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து அளந்து விடுவார்.

"ராணித் தேனீ எப்படிப்பா இருக்கா?" என்று ஓடி வருவாள் மகள். எட்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு.

"அவளுக்கென்ன, ஜம்முனு இருக்கா. முட்டையா போட்டுத் தள்றா."

"உன்னைக் கொட்டலையா?"

"நம்ம தேனீ நம்மளக் கொட்டுமா? கைய வீசாம, அசையாம நின்னாப் போதும். அதுங்க பாட்டுக்கு அதுங்க வேலையப் பாக்கும்."

வாலுவுக்கு அப்பா சொன்னால் வேதவாக்கு.

அந்த ஞாயிறு காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலே டங் டங்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. "யாருங்க மாடியில?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். அவர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மாட்டியிருந்த உடுப்பைக் காணோம். கருவிப் பையில் பெரிய ஸ்பானரையும் காணோம். வாயில் நுரையோடு படியேறி ஓடினார்.

மாடிக் கதவைத் தள்ளினார். பெட்டியின் மூடி தரையில் கிடந்தது. பக்கத்தில் வாலு, தரையில் புரளும்படி அப்பாவின் உடுப்பை மாட்டிக்கொண்டு. ஜிப் பாதியில் நின்றிருந்தது. புகையும் இல்லை. மாதக்கணக்கில் இடம் போதாமல் நெருக்கியடித்துக் கிடந்த கூட்டம், ஸ்பானர் அடி வாங்கிய ஆத்திரத்தில் பொங்கி வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் தோளில், வலையில், கையில் எல்லாம் தேனீ. ஒன்று வலைக்கு உள்ளே, அவள் கன்னத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அவள் அசையவில்லை. அப்பா சொல்லிக் கொடுத்ததாயிற்றே.

அப்பாவின் கால்கள் எங்கே போயின தெரியுமா? தொட்டிக்குப் பின்னால். பழக்கதோஷம். பெற்ற பிள்ளை அங்கே நிற்க, இந்த மனிதர் சிமெண்ட் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அந்தப் பயம் பொல்லாதது. கொட்டு வாங்கிய இமை தானாகத் துடித்தது. போ, போ என்று மனம் அடித்துக்கொண்டாலும் கால் வரமாட்டேன் என்றது.

"அப்பா," உதடு பிரியாமல் கூப்பிட்டாள் வாலு. கதவுச் சத்தம் கேட்டிருக்கிறது. "வந்துட்டியா? நான் அசையவே இல்லப்பா."

அந்தக் குரலில் துளி சந்தேகம் இல்லை. அப்பா வந்தாயிற்று, இனி ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

பனியனும் அரைக்கால் சட்டையுமாக நடந்தார். ஓடினால் துரத்தும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். காதில் ஒன்று, கழுத்தில் இரண்டு, உதட்டில் ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு மகளை அப்படியே தூக்கினார். படிக்கட்டுக்குள் புகுந்து காலால் கதவைச் சாத்தினார். தொப்பியை எடுத்ததும் கன்னத்திலிருந்த தேனீ ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்தது. உடுப்பை உருவி, தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தார். ஒரே ஒரு கொட்டு, ஆள்காட்டி விரலில். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். அவள் விரலை அவர் தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதாடா தங்கம்?"

"கொஞ்சம்." அவள் எதையோ யோசித்தாள். "மூடி கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சுப்பா. சுத்திச் சுத்தித் தேனீப் பிசின். தட்டித் தட்டி நெம்பினப்புறம்தான் வந்துச்சு. நீ வாராவாரம் எப்படித் திறக்குற?"

வீங்கிய உதட்டைக் காட்டிப் பேச முடியவில்லை என்று தப்பித்திருக்கலாம். அவர் தப்பிக்கவில்லை.

"நான் திறக்கலடா."

"அப்போ ராணி?"

"பாத்ததே இல்ல. எனக்குப் பயம்."

வாலு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தனை தேனீக்கு நடுவே அழாத பெண்ணுக்கு இப்போது உதடு கோணியது.

"அசையாம நின்னாக் கொட்டாதுன்னு சொன்னியே, அது?"

"அது… வகுப்புல சொன்னாங்க. நான் நின்னு பாத்ததில்ல."

அவர் கைக்குள் இருந்த விரலை அவள் மெல்ல உருவிக்கொண்டாள்.