கடையில் வாங்காத பிளேடு

சுங்கை பினாங்கில் தங்கராஜுவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே காலால் மிதித்து ஓட்டும் கடைசல் இயந்திரம் ஒன்று. வாரமெல்லாம் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்காகக் கொட்டகைக்குள் வந்து இரும்போடு மல்லுக்கட்டுவார்.

இரும்பை வெட்டுகிற எந்தச் சாமானையும் அவர் கடையில் வாங்கியதில்லை. தேய்ந்துபோன அரத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, தேங்காயெண்ணெயில் முக்கி, கல்லில் தீட்டினால் கடைசல் உளி. உடைந்த கிராமபோனின் சுருள்வில்லை நிமிர்த்திப் பல் வைத்தால் இரும்பறுக்கும் பிளேடு. கடைச் சாமான் எல்லார் கைக்கும் பொருந்தும்படி செய்தது, அதனாலேயே தம் கைக்குப் பொருந்தாது என்பது அவர் கட்சி.

மனைவி புஷ்பவள்ளியின் தம்பி வாசு வேறு கட்சி. கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் குடியிருந்து ரயில் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தான். ஞாயிறுதோறும் ஃபெரி ஏறி அக்காள் வீட்டுக்கு வருவான். வருகிற வழியில் பீச் ஸ்ட்ரீட்டில் வாங்கிய சீமை உளியோ பிளேடோ காகிதம் பிரிக்காமல் கையில் இருக்கும். ஓட்டுவதற்கு சைக்கிள் வேண்டுமென்றால் ரப்பர் மரம் நட வேண்டுமா என்று கேட்பான். கொட்டகையில் அவன் சாமான்கள் ஒரு சுவரிலும் மச்சான் சாமான்கள் எதிர்ச்சுவரிலும் தொங்கின. ஒருவர் சாமானை மற்றவர் தொட்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கப்பித்தான் பள்ளிவாசல் அருகே கரும்புச்சாறு விற்கும் ஷேக் அலாவுதீன் வந்தார். கரும்பு பிழிகிற உருளை இரண்டு பக்கமும் ஆடுகிறது, அச்சுக்கு இரண்டு எஃகு வளையம் வேண்டும் என்றார். ஆளுக்கு ஒன்று கடைவதாக முடிவாயிற்று. போட்டி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று வாசு காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

வாசுவின் வளையம் சீக்கிரம் முடிந்தது. தங்கராஜுவுடையது மெதுவாக முடிந்தது. ஆனால் உட்புறம் கண்ணாடிபோல் இருந்தது. கண்ணால் பார்த்தால் போதாது, தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரே இடது மோதிர விரலை உள்ளே விட்டுக் காட்டினார். விரல் கணுவைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வரவில்லை.

புஷ்பவள்ளி சவுக்காரம் போட்டாள். எண்ணெய் விட்டாள். நூல் சுற்றி இழுத்தாள். பாசாரில் ஐஸ் வாங்கி வந்து வைத்தாள். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, அங்கே விரலை வெட்டத்தான் ஆயுதம் இருக்கும், எஃகை வெட்ட இருக்காது என்று தங்கராஜு சொல்லிவிட்டார். வளையத்தை அறுக்க வேண்டியதுதான், ஆனால் தம்முடைய பிளேடால்தான் அறுக்க வேண்டும் என்றார்.

வளையத்தின் ஓரத்தை இடுக்கியில் பிடித்து, விரலுக்கும் எஃகுக்கும் நடுவே தகரத் துண்டு ஒன்றைச் செருகினார்கள். வாசு எதிர்ச்சுவரிலிருந்து கிராமபோன் பிளேடை எடுத்து அறுத்தான். கொஞ்சம் இறங்கியதும் பிளேடு பள்ளத்தில் இறுகிக்கொண்டது. இழுத்தால் விரலும் கூட வந்தது. பற்கள் உதிர்ந்தன. இன்னொரு பிளேடை எடுக்கச் சொன்னார் தங்கராஜு. அதுவும் அப்படியே ஆனது. அவர் டிராமுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். விரல் நுனியில் உணர்ச்சி போய்விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விரல் குறைந்தவனை எந்தப் பட்டறை வைத்துக்கொள்ளும் என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புஷ்பவள்ளி வாசுவின் சுவருக்குப் போனாள். காகிதம் சுற்றிய பிளேடு ஒன்றை எடுத்து வந்து கணவர் முன்னால் நீட்டினாள்.

"விரல் போச்சுன்னா அதையும் நீங்களே செஞ்சுக்குவீங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

தங்கராஜு யோசித்துப் பார்த்தார். முடியாது என்றே தோன்றியது.

"மாட்டுடா வாசு" என்றார்.

சீமை பிளேடு எஃகில் இறங்கியது. சூடு ஏறாமலிருக்க அக்காள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். வாசுவின் மூக்கிலிருந்து வேர்வை சொட்டியது.

"வலிக்குதா மச்சான்?"

"கோணாம இழு. பிளேடு உடைஞ்சிடப் போவுது."

ஒரு பக்கம் அறுந்தது. திருப்பிப் பிடித்து மறுபக்கமும் அறுத்ததும் வளையம் இரண்டு துண்டாக விழுந்தது. விரலில் ரத்தம் ஓடத் தொடங்கிய வலியில் தங்கராஜுவுக்குக் கண்ணீர் வந்தது. இரும்புத்தூள் விழுந்துவிட்டது என்றார். வாசு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது வளையத்தையும் வாசுவே கடைய வேண்டியதாயிற்று. தங்கராஜு கட்டுப்போட்ட கையோடு மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தார். சீமை உளியிலிருந்து சுருள் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. குறை ஒன்று கண்டுபிடிக்க முடியுமா என்று கடைசிவரை பார்த்தார். அவ்வளவு நேரமும் விரல் வலி தெரியவில்லை. வளையங்களை வாங்கிக்கொண்டுபோன ஷேக் அலாவுதீன், எது யார் செய்தது என்று கேட்கவே இல்லை.

கட்டு அவிழ்த்த பிறகு தங்கராஜு பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரே ஒரு பிளேடு வாங்கி வந்தார். கொட்டகை வாசலில் நின்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்கள் நேராக நிற்கவில்லை. ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் லேசாகச் சாய்ந்திருந்தன. அதனால்தான் அறுத்த பள்ளம் பிளேடைவிட அகலமாகிறது, பிளேடு இறுகுவதில்லை. தம் பிளேடுகளில் எல்லாப் பல்லும் ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றன. இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வாசு வந்தபோது, பற்களைச் சாய்த்துவைத்த புதுக் கிராமபோன் பிளேடு ஒன்று தயாராக இருந்தது. வாசு அதை வாங்கி ஒரு கம்பியை அறுத்துப் பார்த்தான். இறுகாமல் அறுத்தது. இருந்தாலும் கடைப் பிளேடைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது என்றான்.

"ஆமா" என்றார் தங்கராஜு.

சமையலறையிலிருந்து புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள், இவருக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று.