தணிகாசலத்தின் ஐஸ் பெட்டி

1991 மே 3, வெள்ளிக்கிழமை மதியம், தண்டலம் கூட்டுரோட்டில் தர்பூசணி லாரியின் உச்சியிலிருந்து தாண்டவராயன் தலைகுப்புற விழுந்தார். பழங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மண்டைக்குள் நீர் கோத்து மூளை வீங்கிக்கொண்டிருக்கிறது என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். அந்த நீரை இழுத்துச் சிறுநீராக இறக்கி, மூளை நசுங்காமல் காக்கும் மருந்து ஒன்று உண்டு. கையிருப்பில்லை, கடைத்தெருவில் உடனே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். சீட்டோடு சைக்கிளை மிதித்தவன் தாண்டவராயனின் மச்சினன், அவர் மனைவி கனகத்தின் தம்பி தணிகாசலம். குச்சி ஐஸ் விற்பவன். உயிர் காக்கும் மருந்து வெயிலில் கெட்டுவிடக் கூடாதென்று, பாட்டிலைச் சைக்கிள் ஐஸ் பெட்டிக்குள் பால் ஐஸுக்கும் சேமியா ஐஸுக்கும் நடுவே புதைத்து, கல் உப்பும் தூவிப் பெட்டியை மூடிக் கொண்டுவந்தான்.

நர்ஸ் கிளியம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஊசி ஊசியாகப் படிகம் கட்டியிருந்தது.

"மே மாச வெயில்ல இத உறைய வெச்சவன் நீ ஒருத்தன்தான்யா. இப்படியே ஏத்த முடியாது. ஓடு, டீக்கடைல சுடுதண்ணி வாங்கினு வா."

கரைந்து ஆற அரை மணியானது. அதுவரை கனகம் தம்பிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

ஏறிய மருந்து நன்றாகவே வேலை செய்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை நிறைய நிறைய, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கனகம் அதைக் காட்டினாள்.

"மூளத் தண்ணி. எவ்ளோ எறங்கிகீது பாரு."

இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஏன் லாரி மேல் ஏறித் தூங்கினான் என்று கேட்டார் பங்காளி நரசிம்மன்.

மறுநாள் விடியலில் தாண்டவராயன் இறந்தார்.

தணிகாசலம் டாக்டரை வராந்தாவில் மறித்தான். "ஐஸ்ல வெச்சதாலயா சார்?"

உள்ளே ரத்தம் கட்டிவிட்டது, அரை மணி முன்னால் ஏற்றியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் அவர். அக்கா காதில் அது விழுந்ததா என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் சொந்த ஊரான சேரப்பணஞ்சேரிக்கு வர மதியமாகிவிட்டது. மகள் எழிலரசி பெங்களூரிலிருந்து வந்தாக வேண்டும். வெயில் கொளுத்தியது. வந்தவர்கள் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்ப்பதும், பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். தணிகாசலம் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மறைத்திருந்தான்.

கனகம் தலையை நிமிர்த்தினாள்.

"டேய் தணிகா, இன்னாத்துக்கு நின்னுகினுகீற? போய் ஐஸ் எட்துகினு வா. மாமாக்கு வெயில் ஆவாது." பிறகு, "உப்பும் போட்டுக்க" என்றாள்.

படப்பை ஐஸ் கம்பெனியிலிருந்து இரண்டு பார் கொண்டுவந்தான். எழிலரசி சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அதுவரை ஐஸ் தாங்கியது.