கப்பலின் இடப்பக்கம்

என் மனைவி ரஜனி அந்த மரப் பொம்மைக் கப்பலின் வலப்பக்கத்தைச் செதுக்கி முடித்திருந்தாள். இடப்பக்கத்தை முரடாக வெட்டியதோடு சரி. அவள் இறந்து ஏழு மாதம். மிச்சத்தை நான் முடிக்க வேண்டும் என்று லக்சனா தினமும் கேட்டாள். மகளுக்கு ஆறு வயது. அது ஒன்றைத்தான் கேட்டாள்.

ரஜனி செய்த பக்கத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடுவேன் என்று பயம். சவுக்குக் கட்டை எங்கேயும் கிடைக்கும். அவள் செதுக்கிய அந்தப் பக்கம் இனிக் கிடைக்காது.

தலவாக்கலையில் ஓர் உளி வாங்கினேன். முதல் தட்டிலேயே சில்லுப் பெயர்ந்து குழி விழுந்தது. ரஜனி எதைக்கொண்டு செதுக்கினாள் என்று நான் கவனித்ததே இல்லை.

வட்டகொடையில் எங்கள் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் லயம். லயத்துப் பூரணி அக்கா வேலியோரம் நின்றார். மரத்தைச் சீவும் இழைப்புளியை நாங்கள் யாழ்ப்பாணத்தில் சீவுளி என்போம். அந்த நினைப்பில், "அக்கா, சீவுறதுக்கு ஏதும் இருந்தாத் தாங்கோ" என்றேன்.

சீப்பும் தேங்காயெண்ணெய்ப் போத்தலுமாக வந்தார்.

"இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே மாஸ்டர். புள்ள தலையப் பாத்து லயமே பேசுது. வாம்மா, ஒக்காரு."

அப்போதுதான் லக்சனாவின் தலையைப் பார்த்தேன். ஒரு பக்கம் சடைபிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிறகு அவள் யாரையும் தொட விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அவள் சீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா கப்பல் செய்தா இருப்பன். நிப்பாட்டினா எழும்பிடுவன்."

பின்னாலேயே வந்த கணேசமூர்த்தி, அக்காவின் கணவர், என் கையிலிருந்த உளியையும் அக்காவின் சீப்பையும் பார்த்துச் சிரித்தார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

"அடியே, மாஸ்டர் கேட்டது கட்டைக்கு!"

"கட்டைக்கு என்ன அவசரம்? பேசாம இரு."

அவர் உளியைத் தூக்கிப் பார்த்தார். "இது கதவு நிலைக்கு ஆகும் மாஸ்டர்."

"உங்கட கவ்வாத்துக் கத்தி?"

"ஐயோ, அது தேயிலக் கெளையயே ஒரே இழுப்புல அறுத்துரும். கப்பல் ரெண்டாயிரும்."

பழைய போத்தலொன்றைச் சாக்கில் சுற்றி உடைத்தார். கத்திப் பிடியை மழமழப்பாக்கக் கவ்வாத்துக்காரர்கள் கண்ணாடித் துண்டால்தான் சுரண்டுவார்களாம். ஒவ்வொரு துண்டையும் ரஜனி செய்த வளைவில் வைத்துப் பார்த்தார். மூன்றை எறிந்தார். போத்தலின் தோள்பக்கத் துண்டு ஒன்று இடைவெளியில்லாமல் உட்கார்ந்தது.

"இந்தாங்க. அழுத்தாதீங்க. இழுங்க, போதும்."

வலப்பக்கத்தைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுச் சுரண்டினேன். தாள்போல மெல்லிய சுருள்கள் விழுந்தன. பூரணி அக்கா முடியின் நுனியிலிருந்து சிக்கெடுத்தார்.

"நோகுது!"

என் கை நின்றது. லக்சனா முறைத்தாள். மறுபடி இழுத்தேன்.

சாயங்காலத்துக்குள் குழி மறைந்தது. துணியை அவிழ்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே கப்பல். லக்சனாவின் தலையில் பாதிச் சிக்கு இன்னும் மிச்சம்.

"முடிஞ்சுதா அப்பா?"

"இல்லை. இன்னும் மூண்டு நாள் வேலை இருக்கு."

கணேசமூர்த்தி கப்பலைத் தடவிப் பார்த்துவிட்டு, வேலை ஒன்றும் மிச்சமில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தார். பூரணி அக்கா அவர் காலை மிதித்தார்.