வாசல்நிலை ஆணி

மோகன்குமாரைச் சேலத்துக்குப் படுக்கவைத்தே கொண்டுபோனார்கள். அவன் நோயாளி இல்லை, பிணமும் இல்லை. போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கப் போகிறவன். நின்றாலும் நடந்தாலும் மனுசனின் முதுகெலும்பு அமுங்கிப் பொழுது ஏற ஏற உயரம் குறைந்துபோகும், படுத்தே கிடந்தால் குறையாது என்பது எடப்பாடிப் பக்கம் போலீசுக்குத் தயாராகிற பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் ஆம்புலன்ஸ் பிடித்துப் போவதும் உண்டு. மோகன்குமாருக்கு ஃபைஸானின் முட்டை வேன் கிடைத்தது.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அவன் பாயை விட்டு எழவில்லை. அம்மா சென்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாள். காப்பி உறிஞ்சுகுழலில். ஒண்ணுக்கு பாட்டிலில். விடிந்ததும் அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் கயிற்றுக்கட்டிலோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோது எதிர்வீட்டு அத்தாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, பையனுக்கு என்ன ஆச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க அத்தாயி. போலீசு வேலைக்குப் போறான்," என்றாள் சென்னியம்மாள்.

"போலீசுக்குப் போறவன எதுக்கு நாலு பேரு தூக்கறீங்க?"

விளக்க அப்போது நேரமில்லை. சொன்னாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. முட்டைத் தட்டு அடுக்குகிற பலகைகளைக் கழற்றிவிட்டு வேனுக்குள் மெத்தை விரித்திருந்தான் ஃபைஸான். உடைந்த முட்டை காய்ந்த வாடை மட்டும் போகவில்லை. அப்பா மயில்சாமி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். புதுத்துண்டு போட்டிருந்தார். முகம் மட்டும் எழவுவீட்டுக்குப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"மாப்ள, முட்டைக்குக்கூட நான் இப்படி ஓட்டுனதில்ல," என்றான் ஃபைஸான், கொங்கணாபுரம் தாண்டும்போது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி ஏற்றினான். "அப்படியும் கொறஞ்சா சொல்லு. எறக்கறதுக்கு முன்னாடி மண்டையில கட்டையால ஒண்ணு போடறேன். வீங்குனா அரை சென்டிமீட்டர் வரும்."

"உங்கையால அடிபட்டா வீங்காதுடா. நீ போடற பலம் முட்டைக்கே பத்தாது."

"பேசாத. பேசுனா தண்டுவடம் ஆடும்."

மோகன்குமார் சிரித்தான். வேனின் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. அது அவனுக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. தகப்பன்மார்கள் பயப்படுவது வழக்கம்தானே.

வேண்டிய உயரம் நூற்று எழுபது. அது அவனிடம் இருக்கிறதா இல்லையா என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. வாசல்நிலையில் இருக்கிற ஆணிக்கு அது தெரியும்.

அந்த ஆணியின் கதை அவனுடைய அண்ணன் கந்தவேலிடமிருந்து தொடங்குகிறது. கந்தவேல் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனவன். சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் துளையிடும் குழாய் நழுவி அவன் மேல் விழுந்தது. உடம்பு ஊர் வந்துசேர்ந்தபோது பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மோகன்குமார் அப்போது இஞ்சினியரிங் முதல் வருஷம். படிப்பு ஏறவில்லை. ஏறாத படிப்புக்கு அண்ணன் சாவு ஒரு காரணமாகக் கிடைத்தது. காலேஜை விட்டுவிட்டு, அண்ணன் போன அதே வண்டிக்குத் தான் போகிறேன் என்று நின்றான்.

வேண்டாம் என்று மயில்சாமி சத்தம் போடவில்லை. "போலீசுக்குப் பாக்கலாமே சாமி. உசரம் இருக்கான்னு அளந்து பாரு," என்றார். தறிப்பட்டறையிலிருந்து இரும்பு டேப் வாங்கிவந்து, வாசல்நிலையில் நூற்று எழுபதைக் குறித்து, ஒரு ஆணி அடித்தார். மோகன்குமார் நிலையில் முதுகை ஒட்டி நின்றான். தலைக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

"தைப்பொங்கல் வரைக்கும் பாப்பேன். எட்டலீன்னா ரிக்குக்குப் போயிருவனுங்க," என்றான் அவன்.

அன்றிலிருந்து கொல்லைப் புளியமரத்துக் கிளையில் தொங்கினான். கணுக்காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கினான். உள்ளங்கை தோலுரிந்து, காய்ந்து, மறுபடியும் உரிந்தது. பார்த்தவர்கள் வௌவால் என்றார்கள். கூப்பிட்டால் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்தான். அதற்குள் நூல்மில்லில் இரவு ஷிப்டும் கிடைத்திருந்தது. இரவெல்லாம் நின்று இழை அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுவிட்டு, வந்து மரத்தில் தொங்கிவிட்டு, பகலில் தூங்கினான்.

பொங்கலுக்கு மயில்சாமி வீட்டுக்கு வெள்ளையடித்தார். வாசல்நிலைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்ந்ததும், "வந்து நின்னு பாரு சாமி," என்று தூங்கி எழுந்தவனைக் கூப்பிட்டார். நின்றான். ஆணி உச்சந்தலையில் குத்தியது.

அந்தக் குத்தலை அவன் மறக்கவே இல்லை. எலும்பையே இழுத்து நீட்டியவனுக்கு இனி எதுதான் வராது? கணக்கு வராதா, பொது அறிவு வராதா? மற்றவர்கள் சாமி கும்பிட்டார்கள். அவன் தினமும் எழுந்ததும் அந்த ஆணிக்குக் கீழே நின்றுவிட்டுத்தான் முகம் கழுவினான். எழுத்துத் தேர்வில் தோற்றபோதெல்லாம் அதுதான் அவனை மறுபடி உட்கார வைத்தது. மில் பஸ் நிற்கிற முக்குரோட்டுக்கு ஒருநாளும் அவன் நடந்து போனதில்லை. ஓடித்தான் போனான், பயிற்சி என்று. கூடத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஃபைஸானும் முதல் தோல்வியோடு விட்டுவிட்டு முட்டை வியாபாரத்துக்குப் போனான். தங்கை தமிழினி படித்து முடித்து, கல்யாணமாகி, வாழப்பாடிக்குப் போய்விட்டாள். மோகன்குமார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு, வயது வரம்பு முடிகிற கடைசித் தடவையில், எழுத்துத் தேர்வில் தேறினான்.

பயிற்சி மையத்தில் அளந்தபோது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது உண்மைதான். இரவெல்லாம் நின்றுவிட்டு நேராக வந்தால் அப்படித்தான் குறையும் என்றார் பயிற்சியாளர். படுத்தே போ, வந்துவிடும் என்றார். மோகன்குமார் நம்பினான். எழுந்ததும் ஆணி தொடுகிறதே.

சேலத்தில் மைதானத்துக்கு வெளியே மதிலோரமாக ஒரு வரிசை பையன்கள் செய்தித்தாளை விரித்து மல்லாந்து கிடந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், ஓமலூர்ப் பையன், எல்லாம் அவனைப் போலவே விளிம்பில் நிற்கிறவர்கள். வேனிலிருந்து இறக்கி அவனையும் அந்த வரிசையில் கிடத்தினார்கள். பக்கத்தில் கிடந்தவன் திரும்பாமல் கேட்டான்.

"உனக்கு எவ்வளவு வேணும்?"

"எனக்குச் சரியா இருக்குதுங்க. காப்பாத்திக்கிட்டாப் போதும்."

"குடுத்து வச்சவன். எனக்கு முக்கால் சென்டி வேணும்."

ஒரு காவலர் லத்தியால் மதிலைத் தட்டிக்கொண்டே வந்தார். "எந்திரி, எந்திரி. இதென்ன ஆஸ்பத்திரி வராண்டாவா? வரிசையில நில்லுங்க."

வரிசையென்றால் வெயிலில் நிற்கிற வரிசை. சான்றிதழ் பார்த்து, கைரேகை எடுத்து, மார்பில் நம்பர் ஒட்டி உள்ளே விடுவதற்குள் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. மோகன்குமார் மூச்சை மேலே இழுத்துப் பிடித்தபடியே நின்றான். உடம்பு ஒவ்வொரு கண்ணியாக இறங்குவதாக அவனுக்குத் தோன்றியது.

உள்ளே கருவி ஒன்றுதான். செருப்பைக் கழற்றி, குதிகாலை ஒட்டி, நேராகப் பார்க்கச் சொன்னார்கள். தட்டு இறங்கித் தலையைத் தொட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பச்சை வாசல்நிலை மனதில் வந்தது.

"நூத்தி அறுபத்தெட்டு புள்ளி ஒம்போது. அடுத்த ஆள்."

"சார், இன்னொருக்கா பாருங்க சார். வெயில்ல நின்னுட்டேனுங்க."

மறுபடி பார்த்தார்கள். அதே எண்தான். மேல்முறையீடு இருந்தது. அதற்கும் எழுதிக்கொடுத்து, அதற்கென்று உட்கார்ந்திருந்த நரைத்த மீசை அதிகாரி முன்னால் நின்றான். அவர் தன் கையாலேயே அவன் தலையை நிமிர்த்தி, முதுகை நீவிவிட்டு, அளந்தார். மாறவில்லை.

"தம்பி, படுத்துட்டு வந்தா கொஞ்சம் கூடும், நின்னா கொஞ்சம் கொறையும். அது கால், அரை. ஒண்ணுக்கு மேல கேட்டா எங்க போறது? எத்தன வருசமா ஓடறே?"

"எட்டு வருசமுங்க சார்."

"எட்டு வருசத்துல ஒருத்தரும் உன்ன ஒழுங்கா அளக்கலியா?"

அவர் அவன் கால்களைப் பார்த்தார். "ஓட்டக்காரன் கால்தான்," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவன் வெளியே வரும்போது மைதானத்தில் விசில் ஊதியது. அளவில் தேறியவர்கள் ஓடத் தொடங்கினார்கள். முன்னால் போகிறவன் முதல் சுற்றிலேயே மூச்சைத் தீர்க்கிறான், மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுவான் என்று மோகன்குமாருக்குப் பார்த்ததும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கால் தசை தானாகத் துடித்தது. தட்டித் தட்டி அடக்கினான்.

திரும்பும்போது மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். ஃபைஸான் வேகத்தடைகளை மதிக்காமல் ஓட்டினான். மகுடஞ்சாவடி தாண்டியது.

"எவ்வளவுடா வந்துச்சு?" என்று கடைசியில் ஃபைஸான்தான் கேட்டான்.

சொன்னான்.

"மெஷின் கோளாறாடா?"

"மூணு தடவ பாத்தாங்க."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண் என்ன என்று கேட்கவில்லை. ஏன் குறைந்தது என்றும் கேட்கவில்லை. தோற்றுவிட்டு வந்த மகனிடம் எந்தத் தகப்பனும் கேட்கிற முதல் கேள்வி அது. மோகன்குமார் அவருடைய பிடரியையே பார்த்தபடி வந்தான். புதுத்துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

வீடு வந்ததும் ஃபைஸானிடம், "உன்ற வண்டியில டேப் இருக்கில்ல?" என்று கேட்டான்.

"பலகை அடிக்க வாங்குனது. எதுக்குடா?"

அதை வாங்கிக்கொண்டு வாசல்நிலைக்குப் போனான். எட்டு வருஷமாகத் தலையை அளந்திருக்கிறான், ஆணியை யார் அளப்பார்கள்? டேப்பின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தான். ஆணி நூற்று அறுபத்தொன்பதுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

நூற்று எழுபதில் பச்சைப் பெயிண்ட் வழவழப்பாக இருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினான். ஒரு இடத்தில் நகம் உள்ளே போனது. பெயிண்டுக்கு அடியில் சோப்பு வைத்து அடைத்த ஓட்டை. காய்ந்த சோப்பு மாவாக உதிர்ந்து அவன் மணிக்கட்டில் விழுந்தது.

மயில்சாமி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஃபைஸான் வேனைத் திருப்புகிற சாக்கில் நகர்ந்துவிட்டான்.

"நான் வளரவே இல்லீங்களாப்பா?"

மயில்சாமி துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். "பொங்கலுக்கு ரிக்குக்குப் போயிருவேன்னு சொன்னே. பொட்டியத் தொறந்து பாத்தவன் நான் ஒருத்தன்தான் சாமி. உங்கம்மாளுக்குக்கூடச் சொன்னதில்ல."

"அதுக்கப்பறம் ஒரு நாள் சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொல்லோணும்னுதான் இருந்தேன்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரீச்சையிலயே நின்னுருவீன்னு நெனச்சேன். ரெண்டு தடவ எழுதுவான், சலிச்சுப்போயி மில்லோட இருந்துக்குவான்னு நெனச்சேன். நீ பாஸ் பண்ணுவீன்னு நான் கண்டனா?"

மோகன்குமார் தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம் ஒரு பக்கமாகவாவது தள்ளிவிடும். அவன் நினைத்ததெல்லாம் புளியமரத்தைத்தான். செங்கல்லைக் கட்டிக்கொண்டு தொங்கிய அத்தனை நாளும் அவன் உடம்பு ஒரு மயிரிழைகூட நீளவில்லை. அது நீண்டதென்று நம்பித்தான் மீதி எல்லாவற்றையும் செய்தான். ஓடியது நிஜம். படித்ததும் தேறியதும்கூட நிஜம். உழைப்பை யாரும் திருடிக்கொண்டு போய்விடவில்லை, முழுசாக அவனிடமே இருக்கிறது. கொண்டுபோய் இறக்கத்தான் இடமில்லை.

"இப்ப ரிக்குக்குப் போறீயா?" என்று மயில்சாமி கேட்டார்.

"இல்லீங்க. எங்கேயும் போகல."

அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியேறியது. நிம்மதி மூச்சு. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அதைக் கேட்டதுதான் அன்றைக்கு மோகன்குமாருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டது ஒன்றுதான், அது அவருக்குக் கிடைத்துவிட்டது.

சென்னியம்மாள் உள்ளே யாரிடமோ போனில் கண்ணேறு பட்டுவிட்டது என்று அழுதுகொண்டிருந்தாள். நாலு பேர் தூக்கும்போதே அத்தாயி வாய் வைத்தாள் என்றாள். பொழுது இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போலத் தூக்குப்போசியில் சோறு கட்டினாள்.

"இன்னிக்கு லீவு போட்டுக்க சாமி. படுத்துக்க."

"படுத்தது போதும்மா."

தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு இறங்கினான். முக்குரோட்டிலிருந்து மில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கேட்டதும் கால் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. பால் சொசைட்டி தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நின்றான். மூச்சுகூட வாங்கவில்லை, அவ்வளவு பழகிய உடம்பு. பிறகு நடந்தான்.

ஹாரன் மறுபடி அடித்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன மோகனு, கால்ல சுளுக்கா? ஓடியா," என்று கத்தினார்.

அவன் நடந்தேதான் போனான்.